வீட்டு ஒலிப்பதிவு அறைக்கு மின் இணைப்பு: தனி எர்த் குழியா, ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரா, பேலன்ஸ்டு கேபிளா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலான கரையில் மாடியறை ஒன்றை ஒலிப்பதிவுக்கென ஒதுக்குகிறவர், அது மாதா கோயில் பாடகர் குழுவுக்காக இருந்தாலும், இஸ்லாமியப் பாடல்களுக்காக இருந்தாலும், யூடியூப் சேனலுக்காக இருந்தாலும், ஒயரிங் வேலை தொடங்கும் நாளில் மூன்று யோசனைகளைக் கேட்பார். எலக்ட்ரீஷியன் ஸ்டுடியோவுக்கென்று தனி எர்த் குழி போடச் சொல்வார். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் நண்பர், உள்ளீட்டுச் சுருளும் வெளியீட்டுச் சுருளும் கம்பியால் இணையாத ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைக்கச் சொல்வார். கடைக்காரர் ஆன்லைன் யூபிஎஸ் ஒன்றை எடுத்துக் காட்டுவார். மூன்றுக்கும் செலவு உண்டு. மூன்றும் சில இடங்களில் பயன் தரக்கூடியவையே. இவற்றோடு யாரும் அவ்வளவாகச் சொல்லாத நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. பதிவுக் கருவிகள் அனைத்துக்கும் ஒரே சர்க்கியூட்டிலிருந்து, ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுத்துவிட்டு, கருவிகளுக்கு இடையே ஓடும் ஒலிக் கேபிள்களை, ஒலிக்கு இரண்டு கம்பிகளும் கவசத்துக்குத் தனியாக ஒன்றும் உள்ள பேலன்ஸ்டு வகைக்கு மாற்றிவிடுவதே அது. கையிலிருக்கும் பணம் முதலில் இதற்குப் போக வேண்டும், தனி எர்த் குழி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், அறையில் கேட்பது எந்த இரைச்சல் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பதிவு மென்பொருளில் மைக்கைத் திறந்து வைத்து, யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்து, அதை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தால், 50 ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு முனை உயர்ந்து நிற்கலாம்; அப்படியானால் ஏதோ ஒரு டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தையோ, எர்த் வழியாக மூடிக்கொண்ட ஒரு சுற்றையோ, அதாவது கிரவுண்ட் லூப்பையோ சந்தேகிக்க வேண்டும். 100, 200, 300 என்று சீப்புப் பற்களைப் போல முனைகள் வரிசையாக நீண்டால், ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி டிம்மர், மலிவான அடாப்டர் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். மவுஸை நகர்த்தும்போது கீச்சிடும் மெல்லிய ஒலி யூஎஸ்பி வழியாக வருவது. ஒழுங்கில்லாமல் சடசடவென்று வந்து போவது, இந்தக் கரையில் பெரும்பாலும், துருவோ களிம்போ ஏறிய ஒரு தொடுமுனை.

இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸை, யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் வகையாக, மட்டும் இணைத்து, ஸ்பீக்கரை எடுத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். இரைச்சல் முற்றிலும் போய்விட்டால், அது மின் இணைப்பின் வழியாகவே வந்திருக்கிறது. மவுஸோடு கீச்சிடும் யூஎஸ்பி ஒலி தவிர வேறு இரைச்சல் போகாமல் நின்றால் அது காற்று வழியாக, அதாவது காந்தப்புலமாகவோ ரேடியோ அலையாகவோ மைக்கையோ கேபிளையோ எட்டியிருக்கிறது. அந்த நிலையில் எந்த எர்த் குழியும், எந்த யூபிஎஸ்ஸும் அதைக் குறைக்கப் போவதில்லை. காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பொருள் வாங்கப் புறப்படுவது வீண்.

தனி எர்த் குழி

தனி எர்த் குழி என்ற யோசனைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரைச்சல் என்பது வெளியேற்றப்பட வேண்டிய ஒன்று, மண்ணுக்குள் நல்ல பாதை கொடுத்தால் அது போய்விடும் என்பதே அந்த நம்பிக்கை. ஒலிக் கருவிகளில் நடப்பது வேறு. ஒரு கருவியின் உலோக உடலுக்கும் மற்றொரு கருவியின் உலோக உடலுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடுதான் கேபிளின் கவசக் கம்பி வழியாக ஒலியோடு கலந்து ஹம்மாக, அதாவது விடாத ரீங்காரமாகக் கேட்கிறது. அந்த வேறுபாடு அறைக்குள்ளே பிறக்கிறது; அறைக்கும் மண்ணுக்கும் இடையே அல்ல. கடல் நடுவே படகில் அமர்ந்து பேட்டரி ரெக்கார்டரில் ஒருவர் பாடுவதைப் பதிவு செய்தால், அங்கே எர்த் குழி எதுவும் கிடையாது, ஹம்மும் வராது.

பாதுகாப்பு நோக்கில் பார்த்தாலும் ஓம் கணக்கை மட்டும் நம்புவது போதாது. எர்த் குழியின் தடை 5 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வது வழக்கம். 5 ஓமே இருந்தாலும், பேஸ் கம்பி கருவியின் உடலைத் தொடும்போது அந்தக் குழி வழியாக அதிகபட்சம் 46 ஆம்பியர்தான் ஓட முடியும். மின்னோட்டம் மிகும்போது தானே அணையும் சுவிட்சான எம்சிபியில், 16 ஆம்பியர் சி வகை உடனடியாக விழுவதற்கு அதன் அளவைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வரை தேவை. ஆகவே எம்சிபி உடனே விழாது. உயிரைக் காப்பது, மின்சாரம் எர்த்துக்குக் கசிவதைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான். அது வேலை செய்வதற்கு எர்த் தடை சில நூறு ஓம்கள் இருந்தாலும் போதும். குழிக்குச் செலவிட நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியை, ஆர்சிசிபி இல்லாத வீட்டில், அதற்குச் செலவிடுவது ஸ்டுடியோவுக்கு மட்டுமல்லாமல் வீட்டுக்கே நன்மை.

தனிக் குழியின் பெரிய கேடு வேறொன்று. வீட்டின் பழைய எர்த்தோடு இணைக்காமல் ஸ்டுடியோவுக்கு மட்டும் இரண்டாவது எர்த் கொடுத்தால், ஒரே கூரையின் கீழ் இரண்டு வெவ்வேறு அழுத்த நிலைகள் உண்டாகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அருகில் எங்கோ இடி விழும்போது இரண்டு குழிகளுக்கும் இடையே ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் எழக்கூடும். இன்டர்நெட் கேபிள், டிவி கேபிள், ஒலிக் கேபிள் என்று எது இரண்டையும் இணைக்கிறதோ அதன் வழியாக அது பாயும். இரண்டாவது குழி போட்டே ஆக வேண்டுமென்றால் அதை முதல் குழியோடு தடித்த கம்பியால் இணைத்துவிட வேண்டும். இணைத்த பின்பு அதைத் தனி எர்த் என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

எனினும் இந்தக் கரையில் எர்த் குழியை முழுவதும் ஒதுக்கிவிடவும் முடியாது. உப்பும் கரியும் போட்டு, ஜிஐ குழாய் நட்ட பழைய குழிகள் இங்கே இரண்டு விதத்தில் கெடுகின்றன. மேட்டுப்பாங்கான மணல் திட்டில் குழி இருந்தால், கோடையில் மணல் காய்ந்து தடை பல மடங்கு ஏறிவிடுகிறது, மழையில் போட்ட உப்பும் கரைந்து போகிறது. பாம்பன் தீவிலும் கீழக்கரைப் பக்கமும் பல இடங்களில் காண்பது போல நிலத்தடி நீர் சில அடியிலேயே ஊறி, அது உவர்ப்பாகவும் இருந்தால், தடை குறைவாகவே இருக்கும்; குழாய்தான் அரித்துப் போகும். மேலே சிமென்ட் மூடி அப்படியே இருக்க, உள்ளே குழாயையும் கம்பியையும் இணைக்கும் போல்ட் கையோடு உதிர்ந்து வருவதைப் பார்க்க நேரிடும். அப்படிப்பட்ட வீட்டில் பழைய குழியைச் சீர்செய்வதே முதல் வேலை. 250 மைக்ரான் செம்புப் பூச்சு உள்ள இரும்புக் கம்பியை நட்டு, உப்புக்குப் பதிலாக பென்டோனைட் களிமண்ணைச் சுற்றிலும் நிரப்புவது இந்த மண்ணுக்கு ஏற்றது. இதைப் பாதுகாப்பு வேலையாகக் கருதிச் செய்ய வேண்டும். ஹம் குறையும் என்று எதிர்பார்த்துச் செய்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

எர்த் பின்னை வெட்டிவிடுவது, அல்லது இரண்டு முனை அடாப்டரில் செருகுவது என்ற வழக்கத்தை நான் ஒரு தேர்வாகவே இங்கு எண்ணவில்லை. அப்போது ஹம் நின்றுவிடுகிறது என்பது உண்மை. மூடிய சுற்று அறுபடுவதால் அது நிற்கிறது. ஆனால் அடுத்த முறை உள்ளே காப்பு கெட்டால் 230 வோல்ட் கருவியின் உடலிலும், கேபிளின் கவசம் வழியாக மைக்கின் உடலிலும் நிற்கும்; பாடுகிறவரின் உதடு அந்த மைக்குக்கு அரை அங்குலத்தில் இருக்கிறது.

ஒரே சர்க்கியூட், ஒரே பலகை

வீட்டின் எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து ஸ்டுடியோவுக்கு மட்டும் தனியாக ஒரு சர்க்கியூட் இழுத்து, அது முடியும் இடத்தில் ஒரே பலகையில் நான்கைந்து சாக்கெட்டுகளை வைத்து, கணினி, இன்டர்ஃபேஸ், கீபோர்டு, மானிட்டர் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அங்கிருந்தே எடுப்பது, தொடக்கத்தில் சொன்ன நான்காவது வழியின் முதல் பாதி. இதன் பயனைச் சிறு கணக்கு ஒன்று காட்டும்.

அடாப்டர்களின் உள்ளே, ரேடியோ இரைச்சலைத் தடுக்கவென்று, மின்கம்பியிலிருந்து வெளியீட்டுப் பக்கத்துக்கோ எர்த்துக்கோ சிறு கெப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். 2.2 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றின் வழியாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.16 மில்லி ஆம்பியர் கசியும். இரண்டு முனைச் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பின் உலோக மூடியை விரலின் பின்புறத்தால் மெல்லத் தடவினால் சுர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அது இந்தக் கசிவுதான். பத்துக் கருவிகள் சேர்ந்தால் 1.6 மில்லி ஆம்பியர். ஸ்பீக்கர் ஒரு சுவரிலும் கணினி மறு சுவரிலும் வெவ்வேறு பலகைகளிலிருந்து மின்சாரம் எடுத்து, இரண்டு பலகைகளுக்கும் இடையே 1.5 சதுர மி.மீ. செம்பு எர்த் கம்பி 15 மீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அந்தக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 12 ஓம் என்பதால் 15 மீட்டருக்கு 0.18 ஓம், அதில் எழும் அழுத்தம் சுமார் 0.3 மில்லி வோல்ட். வீட்டு உபயோகக் கருவிகளின் லைன் அளவு, அதாவது ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் ஒலியின் வழக்கமான மின்னழுத்தம், 316 மில்லி வோல்ட். அதனோடு ஒப்பிட்டால் ஹம் 60 டெசிபல் கீழே இருக்கும். தாளம் முழங்கும் பாட்டில் அது தெரியாது, தனிக்குரல் ஆலாபனையில் தெரியும். எல்லாக் கருவிகளும் ஒரே பலகையில் இருந்தால் கம்பியின் நீளம் அரை மீட்டராகச் சுருங்கி, அந்த ஹம்மும் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இதே கணக்கைப் பழுதான ஒயரிங் உள்ள வீட்டுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மாடியில் பிறகு சேர்த்த துணைப் பலகையில் நியூட்ரலையும் எர்த்தையும் யாரோ ஒன்றாக முறுக்கிவிட்டிருந்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் கம்பியில் ஓடும். அது வெறும் 1 ஆம்பியராக இருந்தாலும் அதே 0.18 ஓமில் 180 மில்லி வோல்ட் எழும். பாட்டின் அளவில் பாதிக்கும் மேலாக ஹம் நிற்கும் என்று பொருள். சரியாகச் செய்த வீட்டில் எர்த் கம்பியில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான். ஆகவே ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஓடும்போது, மில்லி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரை எர்த் கம்பியில் மட்டும் மாட்டிப் பார்க்கும்படி எலக்ட்ரீஷியனிடம் கேட்பது, எந்தக் கருவியை வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது. ஆர்சிசிபி அடிக்கடி காரணமில்லாமல் விழுகிறது என்று சொல்லி அதை நீக்கிவிட்ட வீடுகளில் இந்தப் பழுது இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

சர்க்கியூட்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, அதே அளவு எர்த் கம்பி, எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்த, இரு முனையையும் துண்டிக்கும் ஆர்சிபிஓ ஆகியவை போதும். பதிவுக் கருவிகள் எல்லாம் சேர்ந்து சில நூறு வாட்டுக்கு மேல் எடுப்பதில்லை. கம்பியைத் தடிப்பாக்குவது எர்த் தடையைக் குறைக்கத்தான், சுமைக்காக அன்று. ஏசிக்குத் தனி சர்க்கியூட் கட்டாயம். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் கருவிகள் எல்லாம் ஒரே பேஸில், அதுவும் ஏசியும் போர் மோட்டாரும் இல்லாத பேஸில் இருக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டில் சுவரைக் கொத்த மனமில்லையென்றால், இருக்கும் ஒரு நல்ல 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து தரமான ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்து எல்லாவற்றையும் அதில் செருகுவது இதே பயனில் பெரும்பகுதியைத் தந்துவிடும்.

பேலன்ஸ்டு கேபிள்

மேலே சொன்ன 0.3 மில்லி வோல்ட்டும் 180 மில்லி வோல்ட்டும் கெடுதல் செய்வது, ஒலியும் கவசமும் ஒரே திரும்பு பாதையைப் பகிர்ந்துகொள்ளும் அன்பேலன்ஸ்டு கேபிளில்தான். பேலன்ஸ்டு கேபிளில் ஒலிக்கு இரண்டு கம்பிகள், கவசத்துக்குத் தனியாக ஒன்று. எக்ஸ்எல்ஆர் இணைப்பியில் பின் 1 கவசம், பின் 2, பின் 3 ஆகியவை ஒலி. பெறும் கருவி பின் 2க்கும் பின் 3க்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால், இரண்டிலும் ஒரே அளவில் ஏறிய ஹம் கழிந்துபோகிறது. சாதாரணத் தரமுள்ள இன்டர்ஃபேஸே அதை ஆயிரத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபல் குறைக்கிறது என்று கொண்டால், பழுதான ஒயரிங்கின் 180 மில்லி வோல்ட் 0.18 ஆகிவிடும், ஸ்டுடியோ லைன் அளவான 1.23 வோல்ட்டோடு ஒப்பிட்டால் அது 76 டெசிபல் கீழே. பழுதைச் சரிசெய்யாமலே இவ்வளவு கிடைக்கிறது. பழுதையும் சரிசெய்தால் ஹம் இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சலுக்கும் கீழே போய்விடும். மேலே பேசிய மற்ற வழிகளில் எதுவும் செலவுக்கு இந்த அளவு பயன் தருவதில்லை.

வீட்டு ஸ்டுடியோவில் மாற்ற வேண்டிய கேபிள்களும் அதிகமில்லை. மைக் ஏற்கெனவே பேலன்ஸ்டு. இன்டர்ஃபேஸிலிருந்து மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கேபிள்களும், கீபோர்டிலிருந்து வரும் கேபிளும்தான் மீதி. கடையில் ஸ்டுடியோ கேபிள் என்று உறைபோட்டு விற்பதைக் கையில் வாங்கி அதன் கால் அங்குல முனையைப் பாருங்கள். ஒரே ஒரு கறுப்பு வளையம் இருந்தால் அது மோனோ, அன்பேலன்ஸ்டு. இரண்டு வளையங்கள் இருந்தால்தான் டிஆர்எஸ், அதாவது பேலன்ஸ்டு ஒலியைக் கொண்டுபோகும் முனை. விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கீபோர்டின் வெளியீடு பெரும்பாலும் அன்பேலன்ஸ்டு என்பதால் அதைப் பேலன்ஸ்டாக மாற்றித் தரும், டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்று வேண்டும். கரோக்கி இசைக்காக மொபைலையோ இன்னொரு கணினியையோ இணைப்பவர்களுக்கும் அதே டிஐ பாக்ஸ் உதவும்.

பேலன்ஸ்டு கேபிள் போட்ட பின்பும் ஹம் நீடித்தால், குறை கருவிக்குள் இருக்கக்கூடும். கவசத்தை உலோகப் பெட்டியோடு சேர்க்காமல் உள்ளே மின்சுற்றின் பொது முனையோடு சேர்த்துவிடும் வடிவமைப்புப் பிழையை, நீல் மன்ஸி 1995இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டினார். பின் 1 பிரச்சினை என்று அது அறியப்படுகிறது. அதே அமைப்பு 2005இல் ஏஇஎஸ்48 என்ற தரநிலையை இதற்கென வெளியிட்டது. மலிவான மிக்ஸர்கள் சிலவற்றில் அந்தப் பிழை இன்னும் உண்டு. அப்படிப்பட்ட கருவிக்குப் போகும் லைன் கேபிளில் பெறும் முனையில் மட்டும் கவசத்தைத் துண்டித்துப் பார்க்கலாம். மைக் கேபிளில் அதைச் செய்யக் கூடாது. கண்டென்சர் மைக்குக்குப் போகும் 48 வோல்ட் பேண்டம் மின்சாரம் அந்தக் கவசம் வழியாகத்தான் திரும்புகிறது.

கிடாருக்கு மட்டும் இதில் விலக்கு. ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள எலக்ட்ரிக் கிடார் காந்தப்புலத்தை நேரடியாகப் பிடிக்கும். வாசிப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி உட்காருவதே அதற்கு மருந்து.

ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரும் யூபிஎஸ்ஸும்

ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரைப் பற்றிப் பரவலாக உள்ள எதிர்பார்ப்பு அது கிரவுண்ட் லூப்பை அறுத்துவிடும் என்பது. அறுக்காது. பாதுகாப்புக்காக எர்த் கம்பி அந்தப் பெட்டியைத் தாண்டி நேராகச் சாக்கெட்டுக்குப் போகிறது. லூப் உருவாவதும் அதே எர்த் கம்பியில்தான். டிரான்ஸ்பார்மர் உண்மையில் செய்வது இரண்டு வேலைகள். அதன் கம்பிச் சுருள்களுக்கு இடையே உலோகத் திரை உள்ள வகையாக இருந்தால் உயர் அதிர்வெண் இரைச்சலைக் கணிசமாகத் தடுக்கும். வெளியீட்டுச் சுருளின் ஒரு முனையை எர்த்தோடு சேர்ப்பதால், தெருக் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரலில் மிதக்கும் சில வோல்ட் அறைக்குள் வராது. மண்டபம், பாம்பன் போன்ற மீன்பிடி ஊர்களில் ஒரே மின்மாற்றியில் ஐஸ் கம்பெனியின் கம்ப்ரசர்களும் வீடுகளும் சேர்ந்திருந்து, வீடு லைனின் கடைசியில் இருந்தால், இந்த இரண்டும் பயனுள்ளவை. அந்த வீட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு முறையும், படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய பின் ஒரு முறையும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான அழுத்தத்தை அளந்து பார்த்தால், டிரான்ஸ்பார்மர் தேவையா என்பது தெரிந்துவிடும். இரண்டு காலத்திலும் ஒரு வோல்ட்டைத் தாண்டாவிட்டால் எனக்கு அதில் ஆர்வம் இல்லை. எடை அதிகம், அது தானே ரீங்கரிக்கும், அறைக்கு வெளியே இடம் தேட வேண்டும். அதற்குப் பின்னால் மீண்டும் ஓர் ஆர்சிசிபி போட வேண்டும், ஏனெனில் முன்னால் இருக்கும் ஆர்சிசிபிக்கு டிரான்ஸ்பார்மரின் மறுபக்கம் நடப்பது தெரியாது.

இதிலேயே மேலும் ஒரு படி போய், 115-0-115 என்று நடுமுனையை எர்த் செய்து பேலன்ஸ்டு மின்சாரம் கொடுக்கும் வகையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். கெப்பாசிட்டர் கசிவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்பது அதன் தத்துவம். ஆனால் இரண்டு கம்பிகளிலும் எர்த்தைப் பொறுத்து 115 வோல்ட் இருப்பதால், ஒற்றை முனைச் சுவிட்சை அணைத்தாலும் மற்றொரு கம்பியில் மின்சாரம் நிற்கும். இம்முறைக்கென்று அமெரிக்க மின் விதித்தொகுப்பில் 647 என்ற தனிப் பிரிவே இருக்கிறது. அதுவும் வணிக, தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு மட்டுமே இதை அனுமதிக்கிறது. நம் வீட்டு எலக்ட்ரீஷியன் பழகாத ஒன்றை வீட்டில் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆன்லைன் யூபிஎஸ் மின்வெட்டுக்கும் அழுத்த ஏற்ற இறக்கத்துக்கும் நல்லது. பாதிப் பாட்டில் பதிவு அறுந்து போகாது. இரைச்சலைக் குறைக்கவென்று வாங்குவதில் பொருளில்லை. அதன் விசிறி ஓயாமல் சுழலும். அதை அறைக்குள் வைத்தால் மைக் அதைப் பிடிக்கும். ஸ்டெபிலைசர் இரைச்சலைத் தொடுவதே இல்லை. ரிலே வகையாக இருந்தால் பதிவின் நடுவே டக்கென்று ஓர் ஒலியையும் சேர்க்கும். பெரும்பாலான அடாப்டர்களின் முதுகில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும்போது அவற்றுக்கு ஸ்டெபிலைசர் எதற்கு? வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால், மின்வெட்டு நேரத்தில் பதிவு செய்யாமல் இருப்பதே நல்லது. புதிதாக வாங்குவதானால் சைன் வேவ் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். குரல் பதிவு மட்டுமே செய்கிறவருக்கு இவை எல்லாவற்றையும் விட மேலான ஒரு வழி, சோதனைக்காகச் சொன்ன அதே வழிதான்: முழுதாகச் சார்ஜ் ஏற்றிய லேப்டாப், யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஹெட்போன். சுவரோடு எந்தத் தொடர்பும் இல்லை.

கரையோரத்துக்கே உரியவை

உப்புக்காற்று இந்த ஒப்பீட்டில் உள்நாட்டு ஊர்களில் இல்லாத ஒரு செலவைச் சேர்க்கிறது. மன்னார் வளைகுடாப் பக்கம் தென்மேற்குக் காற்றும், பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்றும் கொண்டுவரும் உப்பு, கம்பங்களின் பீங்கான் இன்சுலேட்டர்களில் படிகிறது. அது இரவுப் பனியில் நனையும்போது சிறு சிறு மின்பொறிகள் எழும். ரேடியோவை மீடியம் வேவில் வைத்தால் அது சடசடவென்று கேட்கும். நல்ல மழை ஒன்று கழுவிவிட்டால் நின்றுவிடும். வீட்டுக்குள் அதற்குச் செய்யக்கூடியது, கேபிள்களின் இரு முனையிலும், ரேடியோ அலையைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையமான ஃபெரைட் கிளிப் மாட்டுவது; அதற்குமேல் கம்பத்தைப் பற்றி மின்வாரியத்துக்குத் தெரிவிக்கலாம்.

வீட்டுக்குள் உப்பு செய்யும் வேலை இன்னும் நுணுக்கமானது. கடல் பார்த்த ஜன்னலுக்கு அருகில் உள்ள சுவிட்ச் பலகையைத் திறந்தால், எர்த் முனையில் திருகைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அந்தக் களிம்புப் படலம் தடையைக் கூட்டுவதோடு, ஒரு டயோடைப் போல நடந்துகொண்டு ரேடியோ அலையை ஒலியாக மாற்றவும் செய்யும். ராமேஸ்வரத்தில் முந்நூறு மீட்டருக்கும் மேல் உயரமுள்ள தூர்தர்ஷன் கோபுரத்தின் அருகிலோ, பாம்பனில் 90.4 மெகாஹெர்ட்ஸ் கடல் ஓசை சமுதாய வானொலியின் அருகிலோ, செல்போன் டவர் ஒன்றின் நிழலிலோ அறை அமைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தங்கப் பூச்சுள்ள இணைப்பிகளுக்கு வேறு ஊர்களில் கூடுதல் விலை கொடுப்பது ஆடம்பரம். இங்கே அது நியாயமான செலவு. டிபி பாக்ஸையும் ஸ்டுடியோ பலகையையும் கடலுக்கு எதிர்ச்சுவரில் அமைப்பதும், வாடைக்காலம் தொடங்குமுன் மெயினை அணைத்து எல்லா முனைகளையும் சுத்தம் செய்து இறுக்குவதும் இதோடு சேர்ந்தவை.

ஒயர் போகும் குழாயிலும் இதே யோசனை தேவை. இரும்புக் குழாய் காந்தப்புலத்தை ஓரளவு தடுக்கும் என்று நூல்கள் கூறும். இந்தக் காற்றில் அதன் இணைப்புகள் துருப்பிடித்து, எர்த் தொடர்ச்சி அறுந்து, சில ஆண்டுகளில் அதுவே ஒரு புது இரைச்சலுக்கு இடம் கொடுக்கும். பிவிசி குழாயைப் போட்டு, தூரத்தால் பாதுகாப்பதே இங்கு எனக்குச் சரியாகப் படுகிறது. பேஸும் நியூட்ரலும் ஒன்றையொன்று ஒட்டி ஒரே குழாயில் போகும்போது அவற்றின் காந்தப்புலம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. பேஸ் ஒரு வழியிலும் நியூட்ரல் வேறொரு வழியிலும் போனால் தூரத்துக்கு ஏற்ப மட்டுமே குறைகிறது. மாடிப்படி விளக்குக்குப் பக்கத்து அறையிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்கியிருந்தால், அந்தச் சுவர் முழுவதும் ஒரு பெரிய காந்தச் சுருளாகிவிடுகிறது. அப்படி இல்லாத வீட்டில் மின்கம்பிக்கும் ஒலிக் கேபிளுக்கும் ஓர் அடி இடைவெளியும், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்கோணமும் போதுமானவை. ஃபேன் ரெகுலேட்டரைப் பொறுத்தவரை, மின்னலையை வெட்டி வேகத்தைக் குறைக்கும் டிரையாக் வகையை மாற்றிக் கெப்பாசிட்டர் படிநிலை வகையைப் பொருத்துவது சிறிய செலவில் முடியும். ரெகுலேட்டரை இரண்டில் வைக்கும்போது எழுந்து ஐந்தில் வைக்கும்போது அடங்கும் சரசரப்பு, டிரையாக்கின் அடையாளம்.

புதிதாக வீடு கட்டுகிறவருக்கு இவற்றில் தனி சர்க்கியூட்டும், ஒலிக் கேபிளுக்கென ஒரு வெற்றுக் குழாயும் சுவர் பூசும் முன்னரே செய்ய வேண்டியவை; பிறகு செய்தால் செலவு கூடும். கட்டிய சொந்த வீட்டில் இருப்பவர் எர்த் கம்பிச் சோதனை, ஆர்சிசிபி, டிஆர்எஸ் கேபிள்கள், டிஐ பாக்ஸ் என்ற வரிசையில் போகலாம். இவை முடிந்த பின்பும் நியூட்ரல் அழுத்தம் தொந்தரவு செய்தால் மட்டும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரைப் பற்றி யோசிக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர், எர்த் கம்பியும் ஆர்சிசிபியும் சரியாக உள்ளனவா என்று பார்த்து அவற்றை வீட்டுக்காரரின் செலவில் சரிசெய்யச் சொல்லிவிட்டு, தன் பணத்தைக் கேபிள், டிஐ பாக்ஸ், ஃபெரைட் கிளிப், நல்ல எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகியவற்றில் மட்டும் போட வேண்டும். வீடு மாறும்போது அவை கூடவே வரும். எர்த் குழி வராது.